பேரலுக்குள் ஒரு புள்ளி

நாளைக்குள் வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் மூன்று வருடம் கலெக்டர் ஆபீஸ் படியேறி இறங்கி வாங்கிய உரிமம் வெறும் தாள்தான், அதிலும் ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் இடம், ஒன்றின் எண்ணை எழுதிவிட்டால் அடித்து வேறொன்றை எழுத இன்னொரு மூன்று வருடம், அதற்குள் கண்ணில் புரை விழுந்துவிடும் என்று நினைத்தபடியே சண்முகவடிவு பாயில் குப்புறப் படுத்திருந்தாள். எதிரே நூறு மீட்டர் தள்ளி மண்மேட்டின் மேல் ஒரு சதுரக் காகிதம். அதற்கும் பின்னால் வரிசையாகக் காற்றாலைகள். ஆனி மாதம், மேல்காற்று பேயாக அடித்தது. திருநெல்வேலிக்காரர்கள் ரைஃபிள் கிளப் கட்ட இடம் பார்த்த அழகு இதுதான். உலகத்தில் காற்று எங்கே அதிகமோ அங்கேயே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். காலை ஒன்பதரைக்கே பாய் சுட்டது. "ஏட்டம்மா, அவசரமில்ல, நிதானமாப் பாருங்க" என்று பின்னாலிருந்து செயலாளர் குற்றாலிங்கத்தின் குரல். ஏட்டம்மாவாம். போலீஸில் தலைமைக் காவலராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் ஏட்டம்மா. டைல்ஸ் கடைக்காரரான இவரை யாராவது டைல்ஸ் என்று கூப்பிடுகிறார்களா? சார், சார். கிளப்பில் பதினெட்டுப் பேருக்கும் சார், இவள் ஒருத்திக்கு ஏட்டம்மா. சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் ஏட்டம்மா என்பார்கள்.

மேசைமேல் இரண்டு துப்பாக்கிகள் கிடந்தன, இரண்டுமே பழசு, இரண்டுமே பாயின்ட் டூ டூ, இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. அவள் கைக்கு எட்டுவது அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சாமானோடு வருகிறவர்களும் கிளப்பில் உண்டு, அவர்களுடைய துப்பாக்கியின் கட்டையில் மட்டும் பதினாறு திருகாணி, கன்னத்துக்கு ஒன்று தோளுக்கு ஒன்று என்று. மனிதனுக்கு ஏற்ற மாதிரி துப்பாக்கி வளையுமாம். அவ்வளவு திருகியும் அந்தப் பிள்ளைகளின் குண்டு மண்மேட்டைத்தான் தேடிப் போகும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். இவளோ ஆறு வருடமாகக் கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் சுடுகிறாள். ஊர் எச்சில் பட்ட டம்ளர் மாதிரி அது, யார் கடைசியாகத் தொட்டார்களோ, எதைத் திருகி வைத்தார்களோ, ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அதை வைத்துக்கொண்டே நூறு மீட்டர் போட்டியில் நாலு முறை இரண்டாவது வந்திருக்கிறாள். நாலு முறையும் முதலாவது அருமைநாயகம். இதோ பக்கத்துப் பாயில் உட்கார்ந்து கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருக்கிறாரே, அதே அருமைநாயகம்தான், காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு மிதிக்கிற ஆள். அடுத்த மாதம் மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒரே ஒருவரைத்தான் அனுப்புவார்கள். சொந்தத் துப்பாக்கி ஒன்று கையில் இருந்தால், சரியான துப்பாக்கியாக அமைந்தால், இந்த மனிதரை ஒரு தடவையாவது தோற்கடித்துவிட்டுப் புரை விழுந்தாலும் விழட்டும்.

எது சரியான துப்பாக்கி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. முதலாவது வக்கீல் சிவசைலத்துடையது. தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். பெங்களூரிலிருக்கும் மகன் போனில் சொன்னான், அப்பா உங்களுக்குத்தான் முதலில் காட்டச் சொன்னாங்க, நீங்க வேண்டாம்னா மட்டும்தான் அடுத்த ஆளு. கிளப்பிலேயே அவளைச் சண்முகவடிவு என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கறுத்த தேக்குப் பலகை மாதிரிக் கட்டை, வக்கீலின் கன்னம் பட்டுப் பட்டு ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று இருந்தது. ஒரு முறை அவளைப் படுக்கச் சொல்லிக் கையில் கொடுத்தார், அவள் பத்துக் குண்டு சுட்டாள், பத்தும் ஒரே பொந்துக்குள் போனது, அன்றிரவு அவள் சாப்பிடவேயில்லை. அதெல்லாம் சரி, மனுசன் தங்கம், ஆனால் துப்பாக்கியைத் துடைக்கவே மாட்டார். பல் தேய்க்காத பெரிய மனிதர் மாதிரி. சுட்டதும் அப்படியே உறையில் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார். இவள் அதைப் பார்த்துப் பார்த்துப் பொருமியிருக்கிறாள். ஆயுதக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம், எத்தனை ஆயிரம் துப்பாக்கிக் குழாய்கள், பேரல்கள் அவள் விரலைத் தாண்டிப் போயிருக்கும். அதனால் இன்று காலையில் பெட்டகத்திலிருந்து அதை எடுத்ததும் முதல் வேலையாக துடைக்கிற இரும்பு ராடில் துணி கோத்து, எண்ணெய் தொட்டு, உள்ளே விட்டு இழுத்தாள். கறுப்பாய் வந்தது, குண்டுகள் விட்டுப்போன மெழுகும் ஈயமுமாய். இன்னொரு துணி. இன்னொன்று. பதினோராவது துணி வெள்ளையாய் வந்தபோது, பின்வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்து வெளிச்சத்தை உள்ளே திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். உள்ளே வெள்ளி மாதிரி. வக்கீலுக்குத் திதி கொடுத்த மாதிரி இருந்தது.

முதல் குண்டு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, காற்றாலை இறக்கை கொஞ்சம் சோம்பும் நேரம் பார்த்து விரலை அழுத்தினாள். டெலஸ்கோப்பில் பார்த்தால் மேலே வலது பக்கம். சரி. இரண்டாவது, கீழே. கீழே எப்படி? மூன்றாவது மறுபடி மேலே, நான்காவது இடது ஓரம், ஐந்தாவது மட்டும் நடுவுக்குப் பக்கம். ஐந்து ஓட்டையையும் மூட உள்ளங்கை வேண்டும். காற்று என்றாள் தனக்குள். இல்லை, காற்று பக்கவாட்டில்தான் தள்ளும், மேலும் கீழும் தள்ளாது. மூச்சா? மூச்சு சரியாகத்தான் இருந்தது. கண்ணா? கண்ணை நினைத்த உடனே அந்த நினைப்பை மிதித்தாள். அழுக்கு. ஐந்து குண்டு போயிருக்கிறதே, உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கும், அதுவும் வக்கீல் வருடக்கணக்காகச் சேர்த்த அழுக்கு, ஒரே துடைப்பில் போய்விடுமா? எழுந்து உட்கார்ந்து ராடை எடுத்தாள். பக்கத்துப் பாயில் கடலைமிட்டாய் கடிபடும் சத்தம் நின்றது. "தொடைக்கியளா?" என்றார் அருமைநாயகம். "ஆமா, ஒரே அழுக்கு." அவர் அவள் கையையும் ராடையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "நல்லா தொடைங்க. ஒங்களுக்குத் தெரியாததா?" அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு மரியாதை ஆறு வருடத்தில் இதுதான் முதல். அதுவே உறுத்தியது. உறுத்தினாலும் கை நிற்கவில்லை, துணியை அழுத்தி அழுத்தி இழுத்தது.

கை நிற்காது. போலீஸ் பயிற்சிப் பள்ளியில், இருபது வயதில், அணிவகுப்புக்கு முன் ஆயுதச் சோதனை. இன்ஸ்ட்ரக்டர் அவளுடைய ரைஃபிளை வாங்கி வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பேரலுக்குள் கண் வைத்தார். ஒரு புள்ளி. கடுகு அளவு, கடுகில் பாதி. "என்ன இது? ஒங்க வீட்டுச் சாக்கடையா?" நூற்றிருபது பெண்கள் சிரித்தார்கள், சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் விழும். ரைஃபிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடு, கை இறங்கினால் விசில், விசிலடித்தால் இன்னொரு சுற்று. எத்தனை சுற்று என்று ஞாபகம் இல்லை, கடைசியில் மூத்திரம் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது, காக்கிக் கால்சட்டையில் அது எவ்வளவு தூரம் படர்ந்தது என்பதும். அதற்கப்புறம் முப்பத்துநாலு வருடம் அவள் கையால் துடைக்காத துப்பாக்கி ஒன்றுகூட அலமாரிக்குள் போனதில்லை. பாதித் தூக்கத்தில் எழுந்து, எந்தப் பேரலிலாவது ஒரு புள்ளி விட்டுவிட்டோமா என்று உட்கார்ந்திருப்பாள். அக்கா வீட்டில் டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் தண்ணீர் குடிப்பாள், அக்கா மருமகள் அதற்காகவே இவளை வெறுக்கிறாள். அந்த இன்ஸ்ட்ரக்டர் செத்துப் பல வருடம் ஆகிறது, மாலை வாங்கிக்கொண்டு போய் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு வந்தாள். விசில் மட்டும் சாகவில்லை.

வெள்ளைத் துணி வந்ததும் அடுத்த ஐந்து. இதுவும் உள்ளங்கை. ஓட்டைகள் மட்டும் இடம் மாறியிருந்தன. யாரோ கைநிறைய அரிசியை விசிறின மாதிரி. சண்முகவடிவுக்கு அந்தத் துப்பாக்கியின் மேல் கோபம் வந்தது, காதலித்தவன் கல்யாண மேடையில் வாய் திறக்காமல் நிற்கும்போது வருகிற கோபம். "கெழட்டு சாமான் ஏட்டம்மா, வக்கீலோட அதுவும் போயாச்சி. இத எடுத்துப் பாருங்க" என்று குற்றாலிங்கம் தன்னுடையதை நீட்டினார். இரண்டாவது துப்பாக்கி அது. கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, தண்ணீர்க் குழாய்க்குச் சட்டை போட்ட மாதிரி. பாதியில் அலுத்துப்போய் விற்கிறார், இப்போது கோல்ஃபில் ஆசை வந்திருக்கிறது. காலையிலிருந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுகிறேன் என்று அறுபது குண்டாவது சுட்டுத் தள்ளியிருப்பார். அவள் வாங்கியதும் ராடை எடுத்தாள். அவர் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். "ராடு விடாதீங்க! ஒங்க போலீஸ் ராடு நம்ம ரைஃபிள சொறண்டிரும். வெல பேசி முடிச்சப்புறம் எண்ணெயில ஊறப்போட்டுக்கிடுங்க." இருபத்திரண்டு வருடம். சுரண்டிவிடுமாம். ரெண்டு டைல்ஸ் ஒட்டத் தெரியாதவன் பேரலைப் பற்றிப் பேசுகிறான். எதிர்த்துப் பேச நாக்கு எழுந்தது, நாளை என்ற நினைப்பு அதைப் பிடித்து உட்கார வைத்தது. அழுக்கோடு வாயில் வைத்துக் குடிக்கிற மாதிரி அருவருப்போடு, பின்வாய்க்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் படுத்தாள். ஐந்து குண்டு. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவில்லை. திருநீற்று டப்பா மூடிக்குள் ஐந்தும். இன்னொரு ஐந்து. அதே மூடி. பிரமாதம் இல்லை, ஆனால் சொன்ன சொல்லைக் கேட்கிறது.

இது எப்படி? அவள் வக்கீலின் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செயலாளரைத் தவிர மற்ற ஆளுக்கெல்லாம் கிளப் அளந்து கொடுப்பது முப்பது குண்டு, இன்னும் பத்து பாக்கி. பேரலைத் தடவினாள். என்னிடம் ஏன் இப்படிச் செய்கிறாய், உன்னை யாராவது இப்படிக் குளிப்பாட்டியிருக்கிறார்களா? குளிப்பாட்டி என்று நினைத்ததும் வக்கீலின் குரல் எங்கேயோ கிளம்பியது, ஏதோ சொல்ல வந்தாரே ஒரு தடவை, இதே பாயில், இவள் அவருடைய கறுத்த விரலைப் பார்த்துவிட்டு ஒரு துணியை நீட்டினாள், அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார், இதுக்குக் குளிப்பு... இவள்தான் குறுக்கே விழுந்து, ஒங்க சோம்பேறித்தனத்துக்குச் சட்டம் பேசாதீங்க வக்கீலய்யா என்று சொல்லிவிட்டாள், அவரும் சிரித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். இதுக்குக் குளிப்பு என்ன? அப்புறம் என்ன சொல்ல வந்தார்? "எடுக்கியளா இல்லியா ஏட்டம்மா? பதினோரு மணிக்கு நான் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கணும்" என்று குற்றாலிங்கம் மணியைப் பார்த்தார். சொல்லவந்தது அறுந்துபோனது. அவள் அவசர அவசரமாக மறுபடி துணி கோத்தாள், கடைசித் தடவை, நன்றாக, பளபளக்க. நடுவில் தலையைத் தூக்கியபோது அருமைநாயகம் வேறு பக்கம் பார்த்தார். ஐந்து குண்டு. உள்ளங்கை. அதிலும் சுண்டுவிரலுக்கு வெளியே ஒன்று.

ஆசையைக் கேட்காதே, காகிதத்தைக் கேள் என்பது அவளுடைய பாடம். காகிதம் பொய் சொல்லாது, முகத்தைப் பார்த்துப் பேசாது, ஏட்டம்மா என்று கூப்பிடாது. செத்துப்போன மனிதர் மேலிருக்கிற பாசத்துக்காகச் செத்துப்போன பேரலை வாங்கி, அடுத்த மாதம் அருமைநாயகத்தின் முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்பதா? "இத எழுதுங்க" என்று பிளாஸ்டிக் கட்டையைக் காட்டினாள். படிவத்தில் எண்ணை எழுதினார்கள், அவள் கையெழுத்துப் போட்டாள், ஒரு கையெழுத்துக்கு ஆறு இடம். குற்றாலிங்கம் படிவத்தையும் அவளுடைய உரிமப் புத்தகத்தையும் பைக்குள் செருகிக்கொண்டு காரைக் கிளப்பிப் போய்விட்டார். வக்கீலின் மகனுக்கு அவளே போன் செய்தாள், எனக்கு வேண்டாம் தம்பி, ஒங்கப்பா கோவிச்சுக்கிட மாட்டாங்க. அவன் சரி என்றான். போனை வைத்து நிமிரும்போது, அருமைநாயகம் அந்தப் போன் முடிவதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து வந்து, "அப்ப நான் பாக்கட்டுமா?" என்று கேட்டு, வக்கீலின் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

அவள் புறப்பட்டிருக்கலாம். போகவில்லை, அவரும் உள்ளங்கை வாங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு அற்ப ஆசை. அவர் படுத்தார். ராடைத் தேடவில்லை, துணியைத் தேடவில்லை. முதல் ஐந்து குண்டைக் காகிதத்தில்கூட அடிக்கவில்லை, மண்மேட்டில் சும்மா டப்டப்பென்று விட்டார், காற்றைப் பார்க்காமல், மூச்சைப் பிடிக்காமல், வாசலில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி. குண்டுக்குப் பிடித்த கேடு என்று நினைத்தாள். இன்னொரு ஐந்தும் மண்ணில். பிறகு இரண்டு. எதற்கு இந்த ஆள் மண்ணைச் சுடுகிறார் என்று யோசிக்கும்போதே அவளுடைய கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது, வெயில் வேர்வை இல்லை. பன்னிரண்டு குண்டு, நடுவில் ஒரு தடவைகூடத் துடைக்காமல். உள்ளே இப்போது என்ன இருக்கும்? மெழுகு. ஈயம். கறுப்பு. வக்கீல் சேர்த்து வைத்திருந்தது. அவள் பதினோரு துணியில் வழித்து எறிந்தது. இப்போதுதான் அவர் பாயில் ஒழுங்காக ஊன்றிப் படுத்துக் கன்னத்தை அந்த வழவழத்த இடத்தில் வைத்தார். ஒன்று. அவள் டெலஸ்கோப்புக்குப் போனாள். இரண்டு. இரண்டாவது ஓட்டையைக் காணவில்லை. தப்பிவிட்டது என்று ஒரு நொடி குதூகலம். மூன்று, மூன்றாவதையும் காணோம். முதல் ஓட்டை மட்டும் கொஞ்சம் அகலமாகியிருந்தது. நான்கு. ஐந்து. ஒரு ரூபாய்க் காசு வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும், ஓரத்தில் இடம்கூட மிஞ்சும்.

இதுக்குக் குளிப்பு ஆவாதும்மா சண்முகவடிவு. அழுக்குதான் இதுக்கு ஒடம்பு. அதுதான். அதைத்தான் சொல்ல வந்தார், பாதியிலேயே அவர் வாயை அடைத்தவள் இவள். ஒவ்வொரு துடைப்புக்கும் அது பச்சைப் பிள்ளையாகி முதலிலிருந்து நடக்கப் பழக வேண்டியிருந்தது, பழகும் முன் மறுபடி துடைத்தாள். பிடிக்காததை ஒருவன் கையைப் பிடித்துத் தடுத்ததால் துடைக்காமல் விட்டாள், அது சுட்டது. பிடித்ததைத் தன் கையாலேயே மூன்று முறை கொன்றாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், இவள் வைத்தது எண்ணெய் போட்டு. அருமைநாயகம் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார், அவளைத் தாண்டிப் போகிற வழியில் நின்றார். "ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அவள். "எது?" "தொடைக்கக் கூடாதுன்னு." அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வக்கீல் ஒங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன், ஏட்டம்மா. நீங்கதான் அவருக்கு வேண்டியவங்க." முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எறும்பிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. பாவி. நல்லா தொடைங்க என்றானே, அந்த மரியாதை இதற்குத்தானா. அவனைச் சொல்லி என்ன, துணியைக் கோத்தது அவன் கையா?

கிளப்பில் மணியடித்துவிட்டார்கள், துப்பாக்கிகளைப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கட்டையை மடியில் எடுத்தாள். இனிமேல் இதுதான், இந்தச் சட்டை போட்ட தண்ணீர்க் குழாய், மூன்று வருடத்துக்கு, கண் போகும்வரைக்கும். குனிந்து பார்த்தால் விரல்கள் அதற்குள் ராடில் புதுத் துணியைக் கோத்து எண்ணெயும் தொட்டிருந்தன, யாரைக் கேட்டுச் செய்தன என்று தெரியவில்லை. பின்வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். உள்ளே கறுப்பு. எழுபது குண்டின் கறுப்பு. ஒரு புள்ளி இல்லை, ஆயிரம் புள்ளி. காதுக்குள் விசில் கிளம்பியது, மைதானம், தலைக்கு மேலே கை, கால்சட்டையின் ஈரம், சாக்கடையா சாக்கடையா என்று நூற்றிருபது சிரிப்பு. ராடின் நுனி பேரலின் வாயைத் தொட்டு நின்றது. இந்த ஒன்றாவது, இந்த அவலட்சணமாவது சுடட்டும். துணியை உருவித் தரையில் எறிந்தாள். ராடை உறையில் போட்டாள். கறுப்போடு, ஈயத்தோடு, அத்தனை அழுக்கோடும் போல்ட்டை அடித்து மூடினாள். விசில் நிற்கவில்லை, இன்னும் உரக்க, செத்தவன் தொண்டைக்குள் நின்று ஊதுகிற மாதிரி. "போலே, போ!" என்று கத்தினாள், முப்பத்துநாலு வருடத்துக்கும் சேர்த்து, அடிவயிற்றிலிருந்து. கிளப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வக்கீலின் துப்பாக்கியோடு போய்க்கொண்டிருந்த அருமைநாயகம் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நின்று, முகம் வெளுத்து அவளைப் பார்த்தார். அவள் அவரைத் திருத்தவில்லை.